பெற்றோருடன் அந்தமானில் தீவு தீவாகச் சொகுசுப் பயணம்: எப்படித் திட்டமிடுவது?

கேட்டவர் புதுச்சேரிக்காரர். அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் முடிந்த கையோடு பெற்றோரை அந்தமானுக்கு அழைத்துப்போக வேண்டும், மூன்று தீவுகளிலாவது தங்க வேண்டும், செலவைப் பற்றிக் கவலையில்லை, எந்த விடுதி நல்லது என்று கேட்டிருக்கிறார்.

விடுதியை அப்புறம் பார்க்கலாம். முதலில் திரும்பி வரும் நாளைக் கவனியுங்கள். தீவிலிருந்து புறப்படும் படகும் சென்னைக்கு வரும் விமானமும் ஒரே நாளில் இருக்கவே கூடாது. கடைசி இரவு தலைநகரில்தான் தங்க வேண்டும். 2024 வரை போர்ட் பிளேர் என்றிருந்த அந்த ஊரின் இன்றைய பெயர் ஸ்ரீ விஜயபுரம். ஹேவ்லாக், நீல் தீவுகளும் 2018 இறுதியில் சுவராஜ் தீவு, சாகித் தீவு என்று மாறிவிட்டன. முன்பதிவு செய்யும்போது இரண்டு பெயர்களும் கண்ணில் படும், குழம்ப வேண்டாம்.

நான் கடலூர் மஞ்சக்குப்பம். என் பெற்றோரையும் அறுபதாம் கல்யாணத்துக்குப் பிறகுதான் அழைத்துப்போனேன். அப்பாவின் நட்சத்திரம் மார்கழியில் வந்ததால் பயணமும் டிசம்பரில் அமைந்தது. ஏற்பாடு செய்த பயண முகவர் கொடுத்த திட்டத்தில் கடைசி நாள் இப்படி இருந்தது: காலையில் நீல் தீவிலிருந்து படகு, மதியம் விமானம். நான் மறுத்தேன். "ஊருக்குள் தங்கி என்ன சார் பார்க்கப் போகிறீர்கள்? அந்த இரவையும் கடற்கரை வில்லாவிலேயே கழிக்கலாமே" என்று பலமுறை சொல்லிப் பார்த்தார். சொகுசு என்றால் அவருக்கு அறை மட்டும்தான்.

எங்கள் ஊரில் ஐப்பசி பிறந்துவிட்டால் எல்லா வீட்டிலும் காதில் விழும் செய்தி, "அந்தமான் அருகே புதிய காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி" என்பதுதான். அடுத்த செய்தி கடலூர் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியதாக இருக்கும். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் எங்களுக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையேறியது, உங்களுக்கு நினைவிருக்கும். என் அப்பா முதுநகரில் ஐஸ் ஃபேக்டரியில் கணக்கு எழுதியவர். கூண்டு ஏற்றினால் விசைப்படகுகள் நிற்கும், ஐஸ் விற்காது, சம்பளம் தள்ளிப்போகும். முகவரின் திட்டத்தைப் படித்ததும், "படகு போகாத நாளுக்கு இதில் இடமே இல்லையே" என்று கேட்டவர் அவர்தான்.

அப்படியே நடந்தது. நீல் தீவில் கடைசி நாள் காலையில் காற்று எழுந்தது. படகுகள் புறப்படவில்லை. எங்கள் விடுதியில் பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்துக்கு மதியம் விமானம். கைக்குழந்தையோடு அந்த அம்மா படகுத்துறைக்கும் வரவேற்பறைக்குமாக அலைந்ததைப் பார்க்கப் பொறுக்கவில்லை. மதியத்துக்குமேல் காற்று அடங்கி ஒரு படகை விட்டார்கள். எல்லோரும் அதில்தான் வந்தோம். ஆனால் அவர்கள் விமானம் போய்விட்டது. அன்றைய விலையில் புது டிக்கெட் வாங்க அவர்கள் கொடுத்த தொகையில் இன்னும் இரண்டு இரவு எந்த வில்லாவிலும் தங்கியிருக்கலாம். நாங்கள் ஸ்ரீ விஜயபுரத்தில் எடுத்திருந்த அறைக்குப் போய்க் குளித்துவிட்டு, வெற்றிமலை முருகன் கோயிலில் கும்பிட்டுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தோம். கோயில் வாசலிலும் சாப்பிட்ட கடையிலும் தமிழ்தான். வெளியூர் என்ற நினைப்பே அம்மாவுக்கு வரவில்லை.

"ஜனவரிக்குப் பிறகு போனால் இந்தப் பயமே இல்லையே" என்று சிலர் சொல்வார்கள். ஜனவரி முதல் ஏப்ரல் வரை கடல் பெரும்பாலும் அமைதிதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அறுபதாம் கல்யாணம் நட்சத்திரத்தைப் பார்த்து வருவது, பருவத்தைப் பார்த்து வருவதல்ல. இன்னொரு காரணமும் உண்டு. நீங்கள் ஸ்கூபா டைவிங் செய்வதாக இருந்தால், கடலடியிலிருந்து ஏறிய பின் குறைந்தது 12 மணி நேரம், பலமுறை இறங்கியிருந்தால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற அவ்வளவு நேரம் வேண்டும். எந்த மாதத்தில் போனாலும் இந்த விதி மாறாது.

வசதியைக் காட்டிக்கொள்ள இதை எழுதுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். "கடலூர்க்காரனுக்குக் கடல் பார்க்க விமானமா? அந்தக் காசுக்குப் பேத்திக்கு நகை வாங்கலாமே" என்று என் சொந்தக்காரர்களே கேட்டார்கள். அதே ஆட்கள் மண்டபத்துக்கும் பந்தலுக்கும் கொட்டிய பணத்துக்கு யாரும் கணக்குக் கேட்டதில்லை. வாழ்நாள் முழுக்க ஐஸ் கட்டிகளை எண்ணிக் கணக்கு எழுதிய மனிதர் ஒருமுறை கடலைச் சும்மா உட்கார்ந்து பார்க்கக் கூடாதா? எனக்கு இன்னொரு ஆதங்கமும் உண்டு. கெடிலமும் பரவனாறும் கடலில் சேரும் இடத்தில் எங்களுக்கும் ஒரு துறைமுகம் இருக்கிறது. பெயருக்கு ஒரு பயணிகள் கப்பல்கூட அங்கிருந்து கிடையாது. அந்தமான் கப்பலுக்கும் சென்னை, விமானத்துக்கும் சென்னை. அதிகாலை விமானம் என்றால் கடலூர்க்காரன் நள்ளிரவிலேயே காரில் ஏற வேண்டும். உங்களுக்கும் அதே கதைதான். செலவைப் பற்றிக் கவலையில்லை என்கிறீர்கள், அதனால் முதல் நாள் மாலையே போய் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் தங்கிவிடுங்கள்.

மூன்று தீவு என்ற ஆசையைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். அந்தமான் நிக்கோபாரில் ஐந்நூறுக்கும் மேல் தீவுகள் உண்டு, மக்கள் வாழ்பவை நாற்பதுக்கும் குறைவு, நிக்கோபார் பக்கம் சுற்றுலாவுக்குப் பொதுவாக அனுமதி இல்லை. தீவு மாறும் ஒவ்வொரு முறையும் பெட்டி கட்டுவது, படகுத்துறையில் வரிசை, சோதனை என்று அரை நாள் போய்விடும். அங்கே குளிர்காலத்தில் மாலை ஐந்தரைக்குள் இருட்டிவிடுவதால் அந்த அரை நாள் உண்மையில் முழு நாள். சுவராஜ் தீவில் மூன்று இரவு, சாகித் தீவில் ஒரு இரவு போதும். ராஸ் தீவைத் தலைநகரிலிருந்தே பார்த்துவிட்டுத் திரும்பலாம், அங்கே தங்க முடியாது. பாராடாங் தீவுக்குச் செல்லும் சாலை ஜாரவா பழங்குடி மக்களின் காப்புப் பகுதி வழியாகப் போகிறது. அவர்களைப் படமெடுப்பது குற்றம். நாங்கள் போகவில்லை, நீங்களும் போகாமலிருப்பதே நல்லது என்பது என் கருத்து.

பணத்தை எதில் போடலாம்? சுவராஜ் தீவின் ராதாநகர் கடற்கரைக்கு நடந்து போகும் தூரத்தில் தரைத்தள அறை. ஒவ்வொரு துறையிலும் காத்திருக்கும் கார். தனியார் படகில் முன்வரிசை இருக்கை. தனியார் படகுகளில் குளிரூட்டிய அறைக்குள் கண்ணாடி வழியாகத்தான் கடலைப் பார்க்க வேண்டும். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. அதனால் ஒரு பயணத்தை மட்டும் அரசுக் கப்பலில் வைத்தோம். வேகம் குறைவு, ஆனால் மேல்தளத்தில் காற்றில் நிற்கலாம். தண்ணீரை உரசிக்கொண்டு ஒரு கூட்டம் பறந்தபோது அப்பா எழுந்து நின்று, "கோலா மீன், கோலா மீன்" என்று எல்லோருக்கும் காட்டினார். அவர் ஐஸில் போட்டு அனுப்பிய மீன், உயிரோடு பறந்து பார்த்தது அன்றுதான்.

சாகித் தீவின் இயற்கைப் பாலத்தைக் கடல் வற்றும் நேரத்தில்தான் பார்க்க முடியும். பாறைகள் வழுக்கும், முழங்கால் வலி இருந்தால் விட்டுவிடுங்கள். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் காலைக்கூட நனைக்க வேண்டாம். பவளமோ சிப்பியோ எடுத்து வராதீர்கள், விமான நிலையத்தில் பிடிபடும்.

பதிவு செய்யும்போது முதலில் விமானம், அடுத்து படகு, பிறகு அறை என்ற வரிசையில் போங்கள். பெரிய அரசு மருத்துவமனை ஸ்ரீ விஜயபுரத்தில்தான் இருக்கிறது. ஆகவே பெற்றோரின் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளைப் பயண நாட்களைவிட ஒரு வாரத்துக்குக் கூடுதலாக வாங்கி, மருத்துவர் சீட்டோடு கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியில் போட வேண்டாம்.