குந்தரை ஐசி பெல்ட்டோட ஓரங்கட்டினாங்களா? (அம்மாப்பேட்டை நண்பருக்கு)

இல்ல, ஓரங்கட்டல. WWE மல்யுத்த வீரர் குந்தர்கிட்ட 666 நாள் இன்டர்கான்டினென்டல் (ஐசி) பெல்ட், அதாவது பெரிய பெல்ட்டுக்கு அடுத்த படியில இருக்கிற பெல்ட், இருந்ததுதான் அவரைப் பெரிய ஆளாக்கிச்சு. 2024 ஏப்ரல்ல ரெஸில்மேனியா 40 ஷோல சாமி ஜெயின்கிட்ட அதை இழந்தார். அதே வருஷம் ஆகஸ்ட்ல சம்மர்ஸ்லாம் ஷோல டேமியன் பிரீஸ்ட்டை அடிச்சு வேர்ல்ட் ஹெவிவெயிட் சாம்பியன், அதாவது பெரிய பெல்ட்டே வாங்கிட்டார். "பெரிய பெல்ட் தர மனசில்லாம இதைக் கொடுத்தாங்க"ன்னு சொல்ற உங்க ரூம் நண்பர்கள்கிட்ட இந்த ரெண்டு தேதியையும் காட்டுங்க.

இந்த எண்ணம் வர்றதுக்கு ரெஸ்லர்ங்க படம் போட்ட ட்ரம்ப் கார்டு ஒரு காரணமா இருக்கலாம். சேலத்துல ஸ்கூல் வாசல் கடையில வாங்கி ஆடினப்போ ரேங்க் 1 வந்தா முடிஞ்சது கதை, மத்த சீட்டுக்கு மதிப்பே இல்ல. பெல்ட் அப்படி இல்லீங்க. பெரிய பெல்ட் வெச்சிருந்த ரோமன் ரெய்ன்ஸ் மாசக்கணக்கா அதைப் பணயம் வைக்காத காலத்துல, டிவில டைட்டில் மேட்ச்னு பார்க்க நமக்கு இருந்தது இந்த மாதிரி பெல்ட்தான்.

சந்தேகமா இருந்தா 2022 கார்டிஃப்ல குந்தர், ஷேமஸ் மேட்சைப் போட்டுப் பாருங்க. அடி வாங்கி ஷேமஸ் நெஞ்சு ரத்தச் சிவப்பாயிடும். தோத்தவருக்கு மொத்தக் கூட்டமும் எழுந்து கைதட்டும். இன்னொண்ணு: ஒரு சாம்பியன் நான்-டைட்டில் மேட்ச்ல (பெல்ட் பணயம் இல்லாத மேட்ச்) அடிக்கடி தோத்தா, அந்த பெல்ட்டை WWE-காரங்களே மதிக்கலன்னு வெச்சுக்கோங்க.

ஆனா ஐசி பெல்ட்டை நீண்ட காலம் வெச்சிருக்கிற எல்லாருக்கும் பெரிய பெல்ட் கிடைக்காது. ஹாங்கி டாங்க் மேன் 454 நாள் வெச்சிருந்து, 1988 சம்மர்ஸ்லாம்ல அரை நிமிஷத்துல அல்டிமேட் வாரியர்கிட்ட விட்டார். 1990-ல பெரிய பெல்ட் வெச்சிருந்த ஹல்க் ஹோகனை ஜெயிச்சு மேல போனது வாரியர்தான்.