ஆலிவ் எண்ணெய்: முகத்துக்கா, குதிகாலுக்கா?

மதுரையில் தோல் நோய்ப் பிரிவில் 22 வருடம் நர்ஸாக இருந்தவள் நான். தோல் பற்றி என்னிடம் கேள்வி கேட்டவர்களில் பாதிப் பேர் ஆலிவ் எண்ணெயைப் பற்றியே கேட்டிருக்கிறீர்கள். அதை முதலில் முடித்துவிடுகிறேன்.

மேலூர்: தினமும் படுக்கும்போது முகத்தில் தடவுகிறேன் அக்கா. இரண்டே வாரத்தில் கன்னமெல்லாம் பொடிப்பொடியாகப் பரு. எண்ணெய் கலப்படமா?

சுத்தமான எண்ணெய்க்கும் இது வரும் தங்கச்சி. ஆலிவ் எண்ணெயில் பாதிக்கு மேல் ஒலீயிக் அமிலம். அது தோலின் மேலடுக்கைத் தளர்த்திவிடும். போதாததற்கு நம்ம ஊர்ச் சித்திரை வெயில், வேர்வை, அதன் மேல் எண்ணெய்ப் படலம். பரு வரும் முகத்துக்கு இது வேண்டாம். கண்மை கலைக்க வேண்டுமானால் பஞ்சில் இரண்டு சொட்டு தொட்டுத் துடைத்து, உடனே முகம் கழுவிவிடு.

திருமங்கலம்: பிறந்து 20 நாளான பேத்திக்கு வெளிநாட்டிலிருந்து ஆலிவ் எண்ணெய் வந்திருக்கிறது. தேய்த்துக் குளிப்பாட்டலாமா?

வேண்டாம் அம்மா. 2013இல் வெளியான ஓர் இங்கிலாந்து ஆய்வில் பெரியவர்களின் கையில் சில வாரம் தடவிப் பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெய் தடவிய தோல் பலவீனப்பட்டு லேசாகச் சிவந்தது, சூரியகாந்தி எண்ணெய் அப்படிச் செய்யவில்லை. பெரியவர்களுக்கே இப்படியென்றால், பச்சைக் குழந்தையின் மெல்லிய தோலில் எதற்குச் சோதனை? கரப்பான் (எக்ஸிமா என்கிற தோல் அரிப்பு) வரும் குடும்பமென்றால் கட்டாயம் வேண்டாம். தேங்காய் எண்ணெய் போதும், அதுவும் உள்ளங்கையில் தேய்த்துச் சூடாக்கி, இழுக்காமல் தடவினால் போதும்.

இதையும் கேட்டுக்கொள்ளுங்கள்: குளிப்பாட்டுகிற பாட்டி மூக்கிலும் காதிலும் எண்ணெய் விட வந்தால் கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா வரும். இந்த விஷயத்தில் மட்டும் நான் யாரிடமும் மரியாதை பார்த்ததில்லை.

ஆரப்பாளையம், கல்லூரி மாணவர்: மார்பிலும் கழுத்திலும் தேமல். ஆலிவ் எண்ணெய் போட்டால் போகுமா?

பரவும் தம்பி! தேமலுக்குக் காரணம் மலசீசியா என்ற பூஞ்சை. எண்ணெய்தான் அதற்குச் சாப்பாடு. பொடுகிலும் அதே பூஞ்சைக்குப் பங்குண்டு, அதனால் பொடுகுத் தலையிலும் எண்ணெயை ஊறவிடாதே. டாக்டரிடம் காட்டி பூஞ்சைக்கான மருந்து வாங்கிப் போடு. பூஞ்சை செத்த பிறகும் வெள்ளைத் திட்டு சில மாதம் இருக்கும், பயப்படாதே. கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கலந்த க்ரீமைத் தொடாதே.

வெயிலில் வண்டி ஓட்டுகிறேன். இதைத் தடவினால் கறுக்காதாமே?

கறுக்கும். சன்ஸ்க்ரீன் போடுங்கள், முழுக்கைச் சட்டையும் போடுங்கள்.

ஒத்தக்கடை: பித்தவெடிப்புக்கு?

இதற்குத் தாராளமாகப் போடலாம். ராத்திரி வெதுவெதுப்பான தண்ணீரில் 10 நிமிடம் காலை ஊறவைத்து, கால் தேய்க்கும் நுரைக்கல்லால் (பியூமிஸ் கல்) லேசாகத் தேய்த்து, ஈரம் முழுசாகக் காய்வதற்குள் குதிகாலில் நாலைந்து சொட்டு தடவிப் பருத்திச் சாக்ஸ் மாட்டிக்கொள்ளுங்கள். எண்ணெய் தானாக ஈரம் தராது, இருக்கிற ஈரத்தை மூடி வைக்கும். அதனால்தான் காய்ந்த காலில் தடவிப் பலனில்லை என்கிறார்கள். ஆழமான வெடிப்புக்கு யூரியா கலந்த க்ரீம் இதைவிட நல்லது. சர்க்கரை நோய் இருந்து வெடிப்பில் ரத்தம் வந்தால் வீட்டு வைத்தியம் வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் போங்கள்.

எந்த பாட்டில் வாங்குவது?

'எக்ஸ்ட்ரா வெர்ஜின்' என்பது பழத்தை அரைத்துச் சூடேற்றாமல் எடுத்தது. 'பொமேஸ்' என்றால் பிழிந்த சக்கையிலிருந்து ரசாயனம் விட்டு எடுத்துச் சுத்திகரித்தது. குதிகாலுக்கு எதுவானாலும் சரி, காசை வீணாக்காதீர்கள். சின்ன பாட்டிலாக வாங்கி, அடுப்புப் பக்கம் வைக்காமல் இருட்டான அலமாரியில் வையுங்கள். திறந்ததும் பழைய கடலைமிட்டாய் மாதிரிக் காறல் வாடை அடித்தால் காலுக்கும் வேண்டாம்.