பூட்டன் கொப்பியின் முட்டைக் கணக்கும் லொறிக்காரரின் மலிவுத் தட்டும்

கேள்வி: ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் இருக்கிறோம். வீட்டில் ஐந்து பேர். மூத்தவனுக்கு ஏழு வயது, சின்னவளுக்கு மூன்று. குளிர்சாதனப் பெட்டி இல்லை. என் அம்மாயியின் அப்பா பங்களாவில் அப்புவாக, அதாவது சமையற்காரராக, இருந்தவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த காலத்தில் துரைசாணி சொல்லச் சொல்ல அவர் எழுதிவைத்த சமையல் கொப்பி எங்களிடம் இருக்கிறது. அதில் பல பலகாரங்களுக்கு ‘முட்டைத்தூள் ஒரு மேசைக்கரண்டி’ என்று போட்டிருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீர் வாளியில் முட்டையை மாதக்கணக்கில் வைக்கலாம் என்றும் எழுதியிருக்கிறார். இப்போது லொறியில் முட்டை கொண்டுவருபவர், நத்தாருக்கு விலை ஏறும், மூன்று தட்டு இப்போதே எடுத்துவையுங்கள், கடையைவிடக் குறைத்துத் தருகிறேன் என்கிறார். பெயர் எதுவும் ஒட்டாத பையில் முட்டைத்தூளும் வைத்திருக்கிறார். வாங்கிச் சுண்ணாம்புத் தண்ணீரில் போட்டுவைக்கலாமா? தூளுக்குப் பதில் எத்தனை முட்டை போடவேண்டும்?

பதில்: மூன்று தட்டு வேண்டாம். தூளும் வேண்டாம். கொப்பியை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அதில் இன்றைக்கும் உதவுகிற விஷயம் நிறைய இருக்கிறது, வாளியைத் தவிர.

முதலில் தூள் கணக்கைச் சொல்லிவிடுகிறேன், அது சுலபம். போர்க்காலத்தில் பிரித்தானியாவில் முட்டைக்குப் பங்கீடு. ஆளுக்கு வாரம் ஒரு முட்டை கிடைப்பதே பெரிய காரியம். அதனால் 1942இலிருந்து அமெரிக்காவிலிருந்து வந்த உலர்ந்த முட்டைத்தூளைப் பொட்டலமாகக் கொடுத்தார்கள். ஒரு பொட்டலம் பன்னிரண்டு முட்டைக்குச் சமம். போர் 1945இல் முடிந்தும் அங்கே முட்டைப் பங்கீடு 1953 வரை நீண்டது. இங்கே ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததும் அரிசி வரத்து நின்று, கூப்பன் அரிசியும் கோதுமை மாவுமாகக் காலம் போனது நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதைதான். பங்களாக் குசினியில் எழுதிய குறிப்பில் சீமைக் கணக்கு இருப்பதில் ஆச்சரியமில்லை.

அந்தக் கணக்கு இதுதான்: தலைதட்டிய ஒரு மேசைக்கரண்டி தூள், இரண்டு மேசைக்கரண்டி தண்ணீர், இரண்டும் சேர்ந்தால் ஒரு முட்டை. ஆகவே கொப்பியில் ஒரு கரண்டி தூள் என்று இருந்தால் ஒரு முட்டை உடைத்து ஊற்றுங்கள். ஒன்றைக் கவனியுங்கள். தூளை மாவோடு உலர்வாகக் கலந்து, பிறகு பாலோ தண்ணீரோ விடச் சொல்லியிருந்தால், தூளுக்கு வேண்டிய தண்ணீரும் அந்த அளவுக்குள்ளேயே இருக்கிறது. நீங்கள் முழு முட்டை போடும்போது ஒரு முட்டைக்கு இரண்டு மேசைக்கரண்டி வீதம் பாலையோ தண்ணீரையோ குறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் கேக் நடுவில் களியாகத்தான் இருக்கும்.

லொறிக்காரரின் தூளைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. எந்த நாட்டில், எந்த ஆலையில், எப்போது செய்தது என்று எழுதாத முட்டைத்தூள் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குள் வரக்கூடாது. ஈரம் பட்டுக் கட்டியான தூளைச் சலித்து மறுபடி பையில் போட்டாலும் வாங்குகிறவருக்குத் தெரியாது.

இனி வாளி. கொப்பியில் எழுதியது பொய்யல்ல. முட்டை ஓட்டில் கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான துளைகள் உண்டு. சுண்ணாம்புத் தண்ணீரோ, அந்தக் காலத்தில் வாட்டர்கிளாஸ் என்று விற்ற சிலிக்கேட் கரைசலோ அந்தத் துளைகளை அடைத்துவிடும். ஈரம் வெளியே போகாது, காற்று உள்ளே வராது, முட்டை நாள்பட நிற்கும். ஆனால் பங்களாவில் வாளிக்குள் போனது எந்த முட்டை என்று யோசியுங்கள். பின்பக்கக் கூட்டில் காலையில் இட்ட முட்டை. அன்றைக்கே எடுத்தது, கழுவாதது, அழுக்கோ கீறலோ இல்லாதது. லொறியில் வருகிற முட்டை இட்டு எத்தனை நாள் ஆனது என்று அவருக்கே தெரியாது. குலுங்கிக் குலுங்கி மலை ஏறி வந்த தட்டில் மயிரிழைக் கீறல் விழுந்த முட்டை சில இருக்கத்தான் செய்யும். அந்தக் கீறல் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் அந்த முட்டை அழுகும், பிறகு வாளி முழுவதும் நாறும். முட்டை இடும்போதே உள்ளே கிருமி இருந்தால் எந்தச் சுண்ணாம்பும் அதைக் கொல்லாது. போதாக்குறைக்கு வாளியில் கிடந்த முட்டையின் வெள்ளைக்கரு நீர்த்துவிடும், அடித்தால் நுரைக்காது. நீங்கள் நத்தார் கேக்குக்காகத்தானே சேர்க்கப் பார்க்கிறீர்கள்?

நம் மலைக்கு வாளி தேவையும் இல்லை. ஹட்டன் குளிரில் புதிய முட்டை சமையலறைக்கு வெளியே நிழலான இடத்தில் இரண்டு வாரம் தாராளமாக இருக்கும். அடுப்புக்கு மேலே உள்ள தட்டில் வைக்காதீர்கள். மண்ணெண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்திலும் வேண்டாம், ஓட்டுத் துளை வழியாக வாசம் ஏறிவிடும். கூர்முனை கீழே, மொட்டைமுனை மேலே. கழுவி வைக்கவேண்டாம். குளிர்ந்த தண்ணீரில் கழுவினால் ஓட்டிலுள்ள அழுக்கு உள்ளே இழுபடும். எச்சம் ஒட்டியிருந்தால் உலர்ந்த துணியால் துடையுங்கள், சமைக்கப் போகும்போது கழுவிக்கொள்ளலாம்.

இப்போது மலிவுத் தட்டு. இதைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் தோட்டப்புறத்தில்தான் இந்த வியாபாரம் கொழிக்கிறது. கடையைவிடக் குறைவு என்று வருகிற தட்டில் பெரும்பாலும் சின்ன முட்டை, பழைய முட்டை, பேக்கரிக்காரர் கழித்தது. ஒரு தட்டில் முப்பது. ஒரு முட்டைக்குப் பத்து கிராம் குறைந்தால் தட்டுக்கு முந்நூறு கிராம் போச்சு. அது ஆறு சின்ன முட்டையின் எடை. ஒரு முட்டைக்கு ஒன்றிரண்டு ரூபாய் குறைத்துத் தருகிறவர் எடையில் அதைவிடக் கூடுதலாக எடுத்துக்கொள்கிறார். 2022 ஓகஸ்டில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாய், சிவப்புக்கு 45 ரூபாய் என்று உச்ச விலை போட்டது. முட்டைக் கணக்கில் விலை போட்டால் சின்ன முட்டைக்குத்தான் யோகம். 2023 ஏப்ரலில்தான் வெள்ளை கிலோ 880, சிவப்பு 920 என்று எடைக்கு வந்தார்கள். அதுதான் சரியான வழி. ஆனால் இன்றைக்கும் நம் ஊர்க் கடையில் போய் நிறுத்துக் கொடுங்கள் என்று கேட்டால் விசித்திரமாகப் பார்க்கிறார்கள். விலை வர்த்தமானியில் வந்தது, தராசு கடைக்கு வரவில்லை. தட்டில் வருகிற முட்டையில் இட்ட திகதி இருப்பதில்லை, அதைக் கேட்பாரும் இல்லை. நுகர்வோர் விவகார அதிகாரசபைக்கு 1977 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது, முறைப்பாடு செய்யலாம். தோட்டத்துக்கு வந்து போகிற லொறியைப் பிடிக்க அங்கிருந்து யார் வருவார்கள் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை.

ஊர்க்கோழி முட்டை என்று கூடுதல் விலைக்கு விற்பதிலும் ஏமாறாதீர்கள். வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நிறம் ஏற்றுகிற வித்தை உண்டு, அதற்குத் தேயிலை நம் ஊரில் தேடிப்போகவேண்டிய பொருளல்ல. எலுமிச்சை தேய்த்தால் போலி நிறம் போய்விடும் என்று கைத்தொலைபேசியில் ஒரு சோதனை சுற்றுகிறது. அதை நம்பவேண்டாம். உண்மையான சிவப்பு முட்டையின் நிறமும் ஓட்டின் மேற்பரப்பில்தான் இருக்கிறது, புளிப்புப் பட்டால் அதுவும் உரியும். ஓட்டின் நிறம் கோழியின் இனத்தைப் பொறுத்தது. சத்து இரண்டிலும் ஒன்றுதான், வெள்ளையையே வாங்குங்கள்.

கீறல் முட்டை மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்றும் அடுத்துக் கேட்பீர்கள். கூடாது. இதில் ஒரே ஒரு விலக்கு உண்டு, அதைத் தெளிவாகச் சொல்லவேண்டும். உங்கள் கையில், உங்கள் வீட்டில், உங்கள் கண் முன்னால் கீறிய முட்டையைப் பயன்படுத்தலாம். மேசையில் தட்டிக் கீறியது, பிள்ளை கை தவறியது, பையிலிருந்து எடுக்கும்போது இடித்தது எல்லாம் இதில் சேரும். அதையும் உடனே ஒரு கோப்பையில் உடைத்து, முகர்ந்து பார்த்து, அப்போதே நன்றாக வேகவைத்துவிடவேண்டும். பிறகு பார்ப்போம் என்று மூடிவைக்கக்கூடாது. அவித்துச் சாப்பிடவும் வேண்டாம், பொரித்துவிடுங்கள். ‘காலையில்தான் கீறியது’ என்று கடைக்காரர் சொல்வது இந்த விலக்குக்குள் வராது. லொறியிலிருந்து இறக்கும்போது கீறியது என்று சொன்னாலும் வராது. கடையிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் கீறியிருந்தால் அன்று இரவே சமைத்துவிடுங்கள். ஓட்டின் உட்சவ்வும் கிழிந்து வெள்ளை கசிந்திருந்தால் அதைக் குப்பையில் போடவேண்டியதுதான்.

சரி, சிக்கனம் எங்கே செய்வது? அடுப்பில். முட்டை குறைவாக இருக்கும்போது அதை மாவோடு கலந்து மறைத்துவிடக்கூடாது, மேலே தெரிகிறபடி வைக்கவேண்டும். அரைக்கிலோ கோதுமை மாவில் ஒரு முட்டையைப் பிசைந்து ரொட்டி சுட்டால் முட்டை போட்டதே தெரியாது. அதே முட்டையைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்து அடித்து வைத்துக்கொண்டு, ஒரு பக்கம் வெந்த ரொட்டியின் மேல் ஒரு கரண்டி பூசித் திருப்பிப் போடுங்கள். ஐந்து ரொட்டிக்கு வரும், ஒவ்வொன்றும் முட்டை ரொட்டிதான். பொம்பே டோஸ்ட்டும் அப்படியே. பாணை முட்டைப் பாலில் ஊறப்போட்டால் இரண்டு துண்டுக்கே ஒரு முட்டை போய்விடும். முந்தின நாள் பாணை எடுத்து இரு பக்கமும் தோய்த்து உடனே கல்லில் போடுங்கள்.

எனக்குப் பிடித்தது லீக்ஸ் முட்டை. நம் மலையில் விளைகிற லீக்ஸ் இரண்டு தண்டு, பச்சைப் பகுதியையும் சேர்த்துப் பொடியாக நறுக்கி, மண் போக இரண்டு தடவை அலசுங்கள். ஒரு உருளைக்கிழங்கைச் சின்னச் சின்னதாக வெட்டி எண்ணெயில் முதலில் வேகவிடுங்கள். அப்புறம் லீக்ஸ், மஞ்சள், உப்பு, மிளகு. லீக்ஸ் தண்ணீர் விடும், அது முழுவதும் வற்றி அடியில் சீறுகிற சத்தம் வரவேண்டும். இது முக்கியம். ஈரத்தில் முட்டை ஊற்றினால் கூழாகிவிடும். வற்றியதும் நெருப்பைக் குறைத்து, காய்கறியை ஒதுக்கி, அடித்த இரண்டு முட்டையை நடுவில் ஊற்றுங்கள். கிளறாமல் விட்டு, ஓரம் இறுகியதும் பெரிய துண்டுகளாகப் புரட்டிச் சேருங்கள். துண்டு பெரிதாக இருந்தால்தான் வாயில் முட்டை தெரியும். இரண்டு முட்டையில் ஐந்து பேருக்குச் சோற்றுக்குக் கறி.

குழம்புக்கு ஐந்து முட்டை அவிக்கவேண்டியதில்லை. மூன்று முட்டையை ஒரு கரண்டி மாவோடு அடித்துக் கனமாகப் பொரித்து, பத்துத் துண்டு போட்டு, கொதித்து இறக்கப்போகிற குழம்பில் போடுங்கள். குழம்பை உறிஞ்சி உப்பும். அவிக்கத்தான் வேண்டுமென்றால் உயரத்தை மறக்காதீர்கள். ஹட்டன் 1,200 மீட்டருக்கு மேலே இருக்கிறது, அங்கே தண்ணீர் 96 பாகையிலேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகைதான். கொழும்பில் பத்து நிமிடம் என்றால் உங்களுக்குப் பன்னிரண்டு.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒன்றை அழுத்திச் சொல்கிறேன், சகோதரி. ஒரு முட்டையில் சுமார் ஆறு கிராம் புரதம். இரண்டு முட்டையை ஐந்து பேருக்குப் பரப்பினால் ஆளுக்கு இரண்டரை கிராம்கூட வராது. வாய்க்கு ருசி, உடம்புக்குப் போதாது. 2016 கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டப்புறத்தில் கிட்டத்தட்ட 32 பேர். ஆண்டுக்கணக்காகத் திட்டம் போடுகிறார்கள், கூட்டம் கூடுகிறார்கள், அந்த வித்தியாசம் மறையவில்லை. உங்கள் மூன்று வயதுக்காரிக்கு முடிந்த நாளெல்லாம் ஒரு முழு முட்டை, மஞ்சள் இறுகும்வரை வேகவைத்து, தனியாகக் கொடுங்கள். மூத்தவனுக்கும் அப்படியே. பரப்புகிற சமையல் பெரியவர்களுக்கு. பெரியவர்கள் தட்டில் பருப்பும் கடலையும் நெத்தலியும் அந்தக் குறையை நிரப்பட்டும்.

லொறிக்காரருக்கு முன்பணம் கொடுத்துவிட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. கொடுத்திருந்தால் மூன்று தட்டுக்குப் பதில் ஒரு தட்டு போதும் என்று சொல்லி, இறக்கும்போது வெளிச்சத்தில் ஒவ்வொரு முட்டையாகத் திருப்பிப் பாருங்கள். கடையில் தராசு இருந்தால் தட்டோடு நிறுத்து, வெறுந்தட்டின் எடையைக் கழியுங்கள். ஒன்றரைக் கிலோவுக்குக் குறைந்தால் அது மலிவு விலையல்ல, திருப்பிக் கொடுங்கள். எடுத்த தட்டிலிருந்து ஒரு முட்டையைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். அடியில் படுத்தால் புதியது, நிமிர்ந்து நின்றால் பழையது, அந்த வாரத்துக்குள் முடித்துவிடுங்கள். மிதந்தால் வேண்டாம். நத்தார் கேக்குக்கு வேண்டிய முட்டையை டிசம்பர் நடுவில் நகரத்தில் வாங்குங்கள். அப்போது நாலைந்து ரூபாய் கூடியிருந்தாலும் கேக்குக்குத் தேவைப்படுவது ஏழெட்டு முட்டைதான்.