சொட்டு எண்ணிய பெண்ணுக்கு எந்தப் படிப்பு?

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்தும் ஒருவர் சென்ற வாரம் மனைவியையும் மகளையும் அழைத்துக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். மகள் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியலும் கணிதமும் சேர்ந்த முதல் குரூப் படித்தவள். நீட் மதிப்பெண் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு எட்டவில்லை. பட்டறைப் பத்திரத்தை அடகு வைத்தாவது ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் எம்.பி.பி.எஸ். சேர்த்துவிடச் சொல்லி மைத்துனரும் பெரியப்பாவும் நெருக்குகிறார்கள். "குடும்பத்துல ஒரு டாக்டர் வேணும்னு எல்லாரும் சொல்றாங்க சார்" என்றார். அன்று அவரிடம் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

ஐயா, ஆறுதல் சொல்லி அனுப்பினால் மறுநாளே நீங்கள் வங்கிக்குப் போய்விடுவீர்கள் என்பதால் நேராகவே சொல்கிறேன்: அந்தப் பத்திரத்தைத் தொடாதீர்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் மருத்துவப் படிப்புக் கட்டணம் ஆண்டுக்கு 20 லட்சம் ரூபாயைத் தாண்டிவிட்டது. நாலரை ஆண்டுப் படிப்பு, விடுதி, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் கணக்கு ஒரு கோடிக்குப் போய் நிற்கும். அதற்குப் பிறகு ஓராண்டு பயிற்சி, மேற்படிப்புக்கு மறுபடியும் ஒரு நுழைவுத் தேர்வு. அத்தனை ஆண்டுகளும் வட்டி கட்டப்போவது நீங்கள். மைத்துனரோ பெரியப்பாவோ கட்டப்போவதில்லை.

அதைவிட முக்கியமானது உங்கள் மகள் சொன்னது. நீங்களும் நானும் பேசி முடிக்கும் வரை வாய் திறக்காமல் இருந்தவள், பாட்டி மருத்துவமனையில் படுத்திருந்த கதை வந்தவுடன் பையிலிருந்து ஒரு நாற்பது பக்க நோட்டை எடுத்தாள். குளுக்கோஸ் பாட்டிலிலிருந்து நிமிடத்துக்கு எத்தனை சொட்டு விழுகிறது என்று மூன்று இரவுகள் எண்ணி எழுதியிருக்கிறாள். பாட்டி கையை மடக்கினால் சொட்டு குறைகிறது, நிமிர்ந்து உட்கார்ந்தாலும் மாறுகிறது என்று தனித்தனிக் கட்டம் போட்டிருக்கிறாள். பாட்டில் தீர்ந்து குழாயில் ரத்தம் ஏறிய நேரத்தைச் சிவப்பு மையில் வட்டமிட்டிருக்கிறாள். "ஒரு வார்டுக்கு ஒரு நர்ஸ்தான் சார், அவங்க என்ன பண்ணுவாங்க, சொட்டு நின்னா சத்தம் போடுற மாதிரி விலை குறைவா ஒண்ணு இருந்தா போதும்" என்றாள். வைத்தியம் பார்க்க வேண்டும் என்ற ஆசையை அவள் பேச்சில் நான் எங்கும் கேட்கவில்லை. நோயாளியின் படுக்கையருகே எது குறைகிறது என்று பார்க்கும் கண்தான் அவளிடம் இருக்கிறது.

இந்தக் கண் உள்ளவர்களுக்கென்றே ஒரு துறை இருப்பது நம் ஊரில் பலருக்குத் தெரிவதில்லை. ஆய்வகத்தில் கண்டுபிடிப்பதை நோயாளியிடம் கொண்டுசேர்க்கும் வேலை அது. இந்தியாவில் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய செயற்கை இதய வால்வு. அப்போது வால்வுகள் வெளிநாட்டிலிருந்துதான் வர வேண்டும். விலை ஏழைகளுக்கு எட்டாது. இதய அறுவை மருத்துவர் வலியத்தானும் பொறியாளர் புவனேஸ்வரும் சேர்ந்து 1970களின் இறுதியில் வேலையைத் தொடங்கினார்கள். முதல் மூன்று வடிவங்களும் தோற்றன. ரத்தத்துக்கு வழிவிட்டு மூடுவதற்காக நீலக்கல்லில் செய்த வட்டு ஓர் ஆட்டின் இதயத்தில் உடைந்தது. உலோகத்தைப் பற்றவைப்பது எவ்வளவு நுட்பமான வேலை, கல் எந்த இடத்தில் தெறிக்கும் என்பதெல்லாம் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நிமிடத்துக்கு எழுபது துடிப்பு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 3.7 கோடி முறை அந்த வட்டு திறந்து மூட வேண்டும். கோபால்ட்-குரோமியக் கலப்பு உலோகக் கூடும் உறுதியான பாலிஎதிலீன் பிளாஸ்டிக் வட்டும் கொண்ட நான்காவது வடிவம் 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு அந்த வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. மூன்று முறை தோற்றவர்களுக்கு நான்காவது வாய்ப்பு எப்படிக் கிடைத்தது? மருத்துவமனையும் தொழில்நுட்பப் பிரிவும் ஒரே நிறுவனத்தின் கீழ் இருந்தன. தோல்விக்கும் சேர்த்துச் சம்பளம் கொடுத்துக் காத்திருக்க அந்த நிறுவனம் தயாராக இருந்தது.

அந்தப் பொறுமை இன்று உயர்கல்வி நிறுவனங்கள் சிலவற்றில் தனி அமைப்பாகவே வளர்ந்திருக்கிறது. ஆய்வாளர் கட்டுரை வெளியிடும் முன்பே காப்புரிமைக்கு விண்ணப்பிக்க ஓர் அலுவலகம், நோயாளிகளிடம் சோதிக்கும் முன் அனுமதி தரும் நெறிமுறைக் குழு, சிறு நிறுவனம் தொடங்க இடமும் கருவிகளும் தரும் தொழில் வளர்ப்பகம் என்று ஒவ்வொரு படிக்கும் ஆள் இருக்கிறது. 2012இல் தொடங்கப்பட்ட மத்திய அரசின் பைராக் அமைப்பு (உயிரித் தொழில்நுட்ப நிறுவனங்களுக்கு உதவுவது), ஆரம்பநிலை யோசனைக்கே 50 லட்சம் ரூபாய் வரை நிதி தருகிறது. மும்பை ஐ.ஐ.டி. பேராசிரியர் ராகுல் புர்வார், டாட்டா நினைவு மருத்துவமனை மருத்துவர்களோடு சேர்ந்து, நோயாளியின் சொந்த ரத்த அணுக்களையே மாற்றியமைத்து ரத்தப் புற்றுநோயை எதிர்க்கும் சிகிச்சையை உருவாக்கினார். அதற்கான நிறுவனம் ஐ.ஐ.டி. வளாகத்தின் வளர்ப்பகத்தில்தான் வளர்ந்தது. 2023 அக்டோபரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அதற்கு ஒப்புதல் அளித்தது. வெளிநாட்டில் மூன்று, நான்கு கோடி ரூபாய் ஆகும் சிகிச்சை இங்கே ஏறத்தாழ அதில் பத்தில் ஒரு பங்குக்குக் கிடைக்கிறது.

உங்கள் மகளுக்கு நான் சொல்லும் வழி இதுதான். தமிழ்நாடு பொறியியல் சேர்க்கைக் கலந்தாய்வில், மருத்துவக் கருவிகளை உருவாக்கக் கற்றுத்தரும் உயிர்மருத்துவப் பொறியியலை முதல் விருப்பமாகக் கொடுக்கட்டும். கிண்டி பொறியியல் கல்லூரியிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. உங்கள் வீட்டில் இதுவரை பட்டதாரி இல்லை என்றீர்கள். முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் இந்த வாரமே விண்ணப்பியுங்கள். கல்விக் கட்டணச் சலுகை உண்டு. நான்காம் ஆண்டில் பொறியியல் மேற்படிப்புக்கான கேட் தேர்வு எழுதினால், சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியும் மேலே சொன்ன சித்திரைத் திருநாள் நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிப்புக்கு அவள் முயலலாம். பொறியாளர் மருத்துவமனைக்குள் நின்று, மருத்துவரின் பக்கத்திலிருந்து பிரச்சினையைப் பார்த்துப் பழகுவதற்காகவே அமைந்த படிப்பு அது. ஆய்வுக்குப் போனால் இளநிலை ஆய்வாளர் உதவித்தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய்.

இந்த வழியில் சம்பளம் மெதுவாகத்தான் ஏறும், ஒரு கருவி வார்டுக்கு வந்து சேரப் பத்தாண்டுகூட ஆகலாம் என்பதையும் மறைக்க மாட்டேன். கல்யாணப் பேச்சு எடுக்கும் உறவினர்களிடம் அவள் என்ன வேலை பார்க்கிறாள் என்று ஒவ்வொரு முறையும் நீங்கள் விளக்க வேண்டியிருக்கும். ஆனால் அவள் படித்து முடிக்கும்போது பட்டறை உங்கள் பெயரிலேயே இருக்கும்.

கலந்தாய்வுக்கு விருப்பப் பட்டியல் போடும் முன் ஒருமுறை வந்து பாருங்கள். மைத்துனரையும் அழைத்து வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். அந்த நோட்டை மறக்காமல் எடுத்துவரச் சொல்லுங்கள். மூன்றாம் இரவுக் கணக்கில் எனக்கு ஒரு சந்தேகம் இருக்கிறது, அதை அவளிடம்தான் கேட்க வேண்டும்.