குப்பைத்தொட்டியில் 412 படங்கள்

கும்பகோணத்தில் நான் பிரவுசிங் சென்டர் வைத்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. கடைக்கு வருகிறவர்கள் கேட்பதும் நீங்கள் கடிதத்தில் கேட்பதும் பெரும்பாலும் ஒன்றாகத்தான் இருக்கின்றன. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல், தொலைத்ததைத் தேடுகிறவர்களின் கடிதங்கள். அவற்றிலிருந்தே தொடங்குகிறேன்.

அக்கா, போனில் இடமில்லை, இடமில்லை என்று வந்துகொண்டே இருந்தது. படமெல்லாம் கூகுள் போட்டோஸில் ஏறிவிட்டதாகக் காட்டியது. நெட்டில்தான் இருக்கிறதே என்று நம்பி, அந்த ஆப்பைத் திறந்து பழைய படங்களை அழித்தேன். இப்போது போனிலும் இல்லை, நெட்டிலும் இல்லை. பெண்ணுக்குக் காது குத்தின படங்கள் அதில் இருந்தன. அழித்து மூன்று வாரம் ஆகிறது.
வாசகி, மன்னார்குடி

அம்மா, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே அதில் இருந்த எண்ணுக்குக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்க முடியாத விஷயம் இது. இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

கூகுள் போட்டோஸில் அழித்த படம் உடனே ஒழிந்துபோவதில்லை. பேக்கப் ஆன படம், அதாவது கூகுளில் பிரதி ஏறிவிட்ட படம் என்றால் 60 நாள் அதன் குப்பைத்தொட்டியில் கிடக்கும். பேக்கப் ஆகாத படம் 30 நாள்தான். ஆப்பைத் திறந்து, கீழே கலெக்‌ஷன்ஸ் என்பதைத் தொட்டால் குப்பைத்தொட்டிப் படம் தெரியும். சில போனில் பின் என்றும் சிலதில் ட்ராஷ் என்றும் எழுதியிருக்கும். உள்ளே போய் ஒரு படத்தின்மேல் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தால் டிக் விழும். வேண்டியதையெல்லாம் அப்படித் தேர்ந்தெடுத்து ரெஸ்டோர் கொடுத்தால் பழைய இடத்துக்கே திரும்பிவிடும்.

அந்த அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு நான் சொல்லச் சொல்ல ஒவ்வொன்றாகத் தொட்டார். "இருக்கு அக்கா, 412ன்னு போட்டிருக்கு" என்று சொன்னவர் அப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. காது குத்தின படம், தாய்மாமன் மடியில் குழந்தை அழுகிற படம், எல்லாமே இருந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் மறுபடி நடக்காது. போனில் ஒரு பிரதி, கூகுளில் ஒரு பிரதி என்று இரண்டு இருந்தாலும், அந்த ஆப் இரண்டையும் ஒரே படமாகத்தான் பார்க்கிறது. அதில் நின்றுகொண்டு அழித்தால் இரண்டும் போகும். போனில் மட்டும் இடம் வேண்டுமென்றால் அதற்குத் தனி வழி உண்டு. மேலே மூலையில் இருக்கும் உங்கள் முகப்புப் படத்தைத் தொடுங்கள். பேக்கப் முடிந்துவிட்டதா என்று முதலில் பாருங்கள். முடிந்திருந்தால் அங்கேயே ஃப்ரீ அப் ஸ்பேஸ் என்று ஒன்று இருக்கும். அது மேலே ஏறிப் பத்திரமான படங்களை மட்டும் போனிலிருந்து எடுத்துவிடும். கூகுளில் இருப்பதைத் தொடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கேமராவில் எடுத்த படம்தான் தானாக மேலே ஏறும். வாட்ஸ்அப்பில் உறவுக்காரர்கள் அனுப்பிய படம் ஏறாது. கல்யாணப் படங்களில் பாதி நமக்கு வாட்ஸ்அப்பில்தானே வருகிறது? போட்டோஸ் செட்டிங்ஸில் பேக்கப் என்பதற்குள் போய், போனில் உள்ள ஃபோல்டர்கள் பட்டியலில் வாட்ஸ்அப் இமேஜஸை நீங்களாக ஆன் செய்ய வேண்டும். என் கடைக்குப் புது போனோடு வருகிற எல்லோருக்கும் முதலில் இதைத்தான் செய்து கொடுக்கிறேன்.

ஜிமெயில் நிரம்பிவிட்டது, மாதாமாதம் பணம் கட்டு என்கிறது. இன்டர்வியூ கடிதம் அனுப்பியவர்களுக்கு மெயில் திரும்பிப் போய்விட்டதாம். நான் மெயிலே அதிகம் வைத்திருக்கவில்லை. எப்படி நிரம்பியது?
வாசகர், திருத்துறைப்பூண்டி

தம்பி, இலவசமாகத் தரும் 15 ஜிபி மெயிலுக்கு மட்டும் உரியதல்ல. ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. 2021 ஜூன் முதல் நாளிலிருந்து போட்டோஸில் ஏறும் படமும் இந்தக் கணக்கில் சேர்கிறது. ஆண்ட்ராய்டு போனில் வாட்ஸ்அப் பேக்கப்பும் 2024லிருந்து இதில்தான் விழுகிறது. நிரம்பிவிட்டால் மெயில் அனுப்பவும் முடியாது, வரவும் வராது. வேலை தேடுகிற நேரத்தில் இது பெரிய இடி.

முதலில் வாட்ஸ்அப்பைப் பாருங்கள். செட்டிங்ஸ், சாட்ஸ், சாட் பேக்கப். அங்கே வீடியோவையும் சேர்க்கவா என்று ஒரு பொத்தான் இருக்கும். அதை அணைத்துவிட்டு மறுபடி ஒரு பேக்கப் எடுங்கள். காலை வணக்க வீடியோக்கள் உங்கள் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தால் அதிலேயே நிறைய இறங்கிவிடும்.

அடுத்தது மெயில். தேடும் பெட்டியில் லார்ஜர் என்ற ஆங்கிலச் சொல்லை அடித்து, அதை ஒட்டி மேலும் கீழுமாக இரண்டு புள்ளி, அதை ஒட்டி 10, அதை ஒட்டி எம் என்ற எழுத்து. நடுவில் இடைவெளி விடக்கூடாது. 10 எம்பிக்குப் பெரிய மெயில் மட்டும் வரிசையாக வந்து நிற்கும். இணைப்பை மட்டும் தனியாக அழிக்க முடியாது, மெயில் மொத்தமாகத்தான் போகும். வேண்டிய கோப்பை முதலில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு ட்ராஷையும் காலி செய்தால்தான் இடம் திரும்பக் கிடைக்கும், இல்லாவிட்டால் 30 நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கும். போன மாதம் ஒரு நர்சிங் மாணவிக்கு ஒரே மதியத்தில் இப்படி 4 ஜிபி எடுத்துக் கொடுத்தேன். பணம் கட்டத் தேவைப்படவில்லை.

நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். எங்கள் ஊர்க் கோயிலின் தலவரலாறு 1961இல் அச்சான சிறு புத்தகமாக என்னிடம் இருக்கிறது. என் தாயார் பாடிய நடவுப் பாட்டுகளை அப்பா ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். இரண்டையும் கணினியில் ஏற்ற ஆசை. தட்டச்சு தெரியாது, கையும் நடுங்குகிறது.
வாசகர், பாபநாசம்

ஐயா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதற்குப் பதில் எழுதுவதில் எனக்கு மிகுந்த சந்தோஷம்.

அச்சுப் புத்தகம் சுலபம். பக்கத்தை நல்ல வெளிச்சத்தில், நிழல் விழாமல், நேராகப் படமெடுங்கள். கணினியில் கூகுள் டிரைவைத் திறந்து அதில் ஏற்றி, அந்தப் படத்தின்மேல் வலது பொத்தானை அழுத்தி, ஓப்பன் வித் என்பதில் கூகுள் டாக்ஸைத் தேர்ந்தெடுங்கள். சற்று நேரத்தில் மேலே படமும் கீழே அதிலுள்ள எழுத்துகளுமாக ஒரு பக்கம் திறக்கும். அந்த எழுத்தைத் திருத்தலாம், நகலெடுக்கலாம். ஒவ்வொரு படமும் 2 எம்பிக்குள் இருந்தால் நல்லது. புத்தகம் முழுவதையும் ஒரே கோப்பாகப் போடாதீர்கள்.

உங்கள் புத்தகம் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தியது என்பதால் ஒரு சிக்கல் வரும். லை, ளை, னை, ணை ஆகியவை யானைத் தும்பிக்கை போட்ட பழைய வடிவில் இருக்கும். ணா, றா, னா மூன்றும் கீழே சுழித்து எழுதிய வடிவம். இவற்றில் இயந்திரம் தடுக்கி விழும். ரகரத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு தெரியாமலும் குழப்பும். என் மாமனாரின் பழைய மருத்துவக் குறிப்புப் புத்தகத்தை இப்படி ஏற்றியபோது, 'தலை' வந்த இடமெல்லாம் வேறு வேறு எழுத்தாக வந்திருந்தது. ஒரு பக்கத்தில் என்ன தப்பு வருகிறது என்று குறித்துக்கொண்டால், அடுத்த பக்கங்களில் அதே தப்பைத் தேடி மாற்றலாம். உங்களைப் போல் பழைய எழுத்திலேயே படித்து வளர்ந்தவர் அருகில் இருந்தால் அந்த வேலை பாதியாகிவிடும்.

கையெழுத்து நோட்டுக்கு இந்த வழி ஒத்துவராது. அதற்கு உங்கள் குரல்தான் சரி. போனில் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்துக்கொண்டு, மைக் படத்தைத் தொட்டு, பாட்டைப் பாடாமல் நிதானமாக வாசியுங்கள். இரண்டு வரிக்கு ஒருமுறை நிறுத்திச் சரிபாருங்கள். நடவுப் பாட்டில் வரும் பேச்சு வழக்கை அது எழுத்துத் தமிழாக மாற்றப் பார்க்கும். விடாதீர்கள் ஐயா, அப்பா எழுதியபடியே கையால் திருத்துங்கள். அந்தச் சொல்லுக்காகத்தானே இத்தனையும்? பாடி ஒலிப்பதிவாகவும் தனியாக எடுத்து வையுங்கள். மெட்டு எழுத்தில் வராது.

தலவரலாற்றைத் தொடங்குமுன் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அதன் தலைப்பைப் போட்டுத் தேடுங்கள். பழைய அச்சு நூல்கள் ஏராளமாக அங்கே ஸ்கேன் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. பழைய இலக்கியம் என்றால் 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிவரும் மதுரைத் திட்டத்தையும் பாருங்கள். அங்கே எழுத்தாகவே கிடைக்கும்.

லைசன்ஸைப் படமெடுத்து டிஜிலாக்கரில் வைத்திருந்தேன். வண்டிச் சோதனையில் செல்லாது என்று சொல்லிவிட்டார்கள். டிஜிலாக்கர் செல்லும் என்றுதானே சொல்கிறார்கள்?
வாசகர், மயிலாடுதுறை

ஆவணங்களை வைத்துக்கொள்ள அரசு தரும் ஆப்தான் டிஜிலாக்கர். அதில் இரண்டு அறைகள் இருக்கின்றன. நீங்களே படமெடுத்து ஏற்றியது ஓர் அறை. அது வெறும் ஜெராக்ஸ் மாதிரிதான், அசலுக்கு ஈடாகாது. வழங்கிய துறையிடமிருந்தே ஆப் வாங்கி வைப்பது இன்னோர் அறை, இஷ்யூட் என்று இருக்கும். தகவல் தொழில்நுட்பச் சட்ட விதிகளின்படி அசலுக்குச் சமம் இதுதான். லைசன்ஸ், ஆர்சி இரண்டையும் இப்படிக் காட்டினால் ஏற்கவேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2018இலேயே மாநிலங்களுக்கு எழுதியிருக்கிறது.

ஆப்பில் டிரைவிங் லைசன்ஸ் என்று தேடி, எண்ணைக் கொடுத்து வரவழையுங்கள். நம் ஊரில் இது மாட்டிக்கொள்கிற இடம் இனிஷியல்தான். ஆதாரில் இனிஷியல் பின்னால், லைசன்ஸில் முன்னால், அல்லது ஒன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருந்தால் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பிவிடும். ஏதாவது ஒன்றைத் திருத்தித்தான் ஆகவேண்டும். பழைய புத்தக வடிவ லைசன்ஸ் கணினியிலேயே ஏறாமல் இருக்கலாம், அதற்கு ஆர்டிஓ அலுவலகம் போகவேண்டும்.

பொங்கலுக்கு ஊருக்கு வர ரயில் டிக்கெட் எப்போதுதான் போடுவது? திறக்கும்போதே தீர்ந்துவிடுகிறது.
வாசகி, தாம்பரம்

2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாள் இல்லை, 60 நாள்தான். ஜனவரி 13 பயணத்துக்கு நவம்பர் 14 காலை 8 மணி. பயணிகள் பெயர், வயதை முந்தின நாளே ஐஆர்சிடிசி கணக்கில் மாஸ்டர் லிஸ்டில் ஏற்றிவிடுங்கள், அந்த நிமிடத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தால் போச்சு. கணக்கை ஆதாரோடு சரிபார்த்தும் வையுங்கள். தட்கல் போட 2025 ஜூலையிலிருந்து அது கட்டாயம். தட்கல் ஏசிக்குக் காலை 10, மற்றதற்கு 11.

பார்சல் வரவில்லை என்று நெட்டில் தேடிக் கிடைத்த எண்ணுக்குக் கூப்பிட்டேன். 5 ரூபாய் கட்டினால் போதும் என்று ஒரு ஆப்பை ஏற்றச் சொன்னார். 18,000 ரூபாய் போய்விட்டது.
வாசகர், பட்டுக்கோட்டை

இப்படி ஏமாந்த எல்லோருக்கும் சொல்கிறேன்: அந்த நிமிடமே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குக் கூப்பிடுங்கள், அடுத்து வங்கிக்கு. பணம் அடுத்தடுத்த கணக்குக்குப் போய்விடும் முன் நிறுத்த முடிந்தால்தான் மீட்க வழி உண்டு. வெட்கப்பட்டு வீட்டில் மறைத்து மூன்று நாள் கழித்து வருகிறவர்களைப் பார்த்தால் மனசு தாங்கவில்லை.

தேடலில் மேலே வரும் எண் நிறுவனத்தின் எண் என்று நம்பாதீர்கள், யார் வேண்டுமானாலும் போட்டு வைக்கலாம். நீங்கள் பொருள் வாங்கிய ஆப்புக்குள்ளேயே உதவி என்ற பகுதி இருக்கும். வங்கி என்றால் கார்டின் பின்பக்க எண். உங்கள் திரையைப் பார்க்க விடும் எந்த ஆப்பையும் முகம் தெரியாதவர் சொல்லி ஏற்றாதீர்கள். யுபிஐ பின் எண் பணம் கொடுக்க மட்டுமே, வாங்குவதற்கு அது தேவையே இல்லை.

என் கணவர் இறந்து நான்கு மாதம் ஆகிறது. அவர் போனை என்ன செய்வதென்று தெரியவில்லை. பையன் அழித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்கிறான். எனக்கு மனம் வரவில்லை.
வாசகி, திருவாரூர்

அழிக்காதீர்கள் அம்மா. இப்போதைக்கு அப்படியே இருக்கட்டும்.

முதலில் அவர் சிம்முக்கு ரீசார்ஜ் போடுங்கள். வங்கி, காப்பீடு, ஆதார் எல்லாவற்றின் ஓடிபியும் அந்த எண்ணுக்குத்தான் வரும். விட்டுவிட்டால் எண் கைவிட்டுப் போய், பிறகு வேறொருவருக்குக் கொடுத்துவிடுவார்கள். வங்கிக்கு மட்டும் தகவல் சொல்லி முறைப்படி மாற்றிக்கொள்ளுங்கள், அவர் கணக்கில் அவராகவே பணம் எடுக்கவேண்டாம். படங்களைக் கணினியில் ஒரு பிரதி, பென்டிரைவில் ஒரு பிரதி எடுங்கள். இரண்டு வருடம் யாரும் திறக்காத கூகுள் கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம் என்பது விதி, அதனால் தள்ளிப்போட வேண்டாம்.

அடுத்து அவர் குரல். என் அம்மா 2022இல் போனார். அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் எல்லாம் என் வாட்ஸ்அப்பில் இருந்தது. மறு வருடம் போன் மாற்றும்போது நான் பேக்கப் எடுக்க மறந்தேன். "சாப்பிட்டியா, கடையைச் சாத்திட்டியா" என்று கேட்கிற அந்தக் குரல் எனக்கு இப்போது எங்கேயும் இல்லை. உங்களுக்கு அப்படி ஆகக்கூடாது. உங்கள் போனில் அவருடைய சாட்டைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தொட்டு, மோர், எக்ஸ்போர்ட் சாட், இன்க்ளூட் மீடியா என்று கொடுங்கள். எங்கே அனுப்ப என்று கேட்கும்போது உங்கள் டிரைவைக் காட்டுங்கள். முடிந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து, ஒரு வாய்ஸ் மெசேஜாவது பாடுகிறதா என்று கேட்டுப் பாருங்கள். செய்யத் தெரியவில்லையென்றால் இரண்டு போனையும் எடுத்துக்கொண்டு கடைக்கு வாருங்கள். திருவாரூரிலிருந்து நேர் பஸ் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் மதியம்வரை திறந்திருப்பேன்.