இலை கொட்டிய முசாண்டாவைப் பிடுங்காதீர்கள்

கேள்வி: ஓசூரில் எங்கள் வீட்டு முன்வாசலில் இரண்டு இளஞ்சிவப்பு முசாண்டா வைத்திருக்கிறோம். ஆவணி வரை கொத்துக் கொத்தாகப் பூத்தன. மார்கழியில் இலையெல்லாம் கொட்டி, இப்போது தையில் வெறும் குச்சியாக நிற்கின்றன. தினமும் தண்ணீர் ஊற்றியும் துளிர்க்கவில்லை. பட்டுப்போய்விட்டனவா? மல்லிகைக்குச் செய்வதுபோல் கார்த்திகையிலேயே கவாத்து செய்திருக்க வேண்டும் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். அது சரியா?

பதில்: முதலில் அந்தத் தினசரித் தண்ணீரை நிறுத்துங்கள். இலை இல்லாத செடி நீரை அதிகம் உறிஞ்சாது. ஈரம் தேங்கினால் வேர்தான் அழுகும். பனிக்குத் தப்பும் செடி பெரும்பாலும் இப்படித்தான் சாகிறது. மண்ணை இரண்டு விரல் ஆழம் தோண்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றினால் போதும்.

உயிர் இருக்கிறதா என்று அறிய, தண்டின் பட்டையை நகத்தால் லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் செடி ஓய்வில் இருக்கிறது. நுனி காய்ந்திருந்தாலும் கவலை வேண்டாம், கீழே இறங்கி இறங்கிப் பாருங்கள். நாம் வளர்க்கும் பல இளஞ்சிவப்பு ரகங்கள் பிலிப்பைன்ஸில் உருவான கலப்பினங்கள். வெப்பத் தீவின் செடிக்குக் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்திலுள்ள ஓசூரின் குளிர் ஒத்துக்கொள்ளாது. தருமபுரிப் பக்கம் இதே செடி பாதி இலையோடாவது நிற்கும்.

பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது குண்டுமல்லிக்குச் சரி. அதை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. விட்டு வெட்டுவார்கள். முசாண்டாவை அப்போது வெட்டினால் கிளம்பும் இளந்துளிர் பனியில் கருகும். 'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பார்களே, அதனால் மாசி கடைசிவரை பொறுங்கள். பிறகு காய்ந்ததையெல்லாம் பச்சை தெரியும் இடம்வரை நீக்கி, மீதியை மூன்றில் ஒரு பங்கு உயரம் குறையுங்கள். கணுவுக்குச் சற்று மேலே, கூரிய கத்தரியால் வெட்ட வேண்டும். புதுக்கிளையின் நுனியில்தான் இது பூக்கும், அதனால் தயங்காமல் வெட்டலாம். (நாம் பூ என்று ரசிக்கும் அந்த வண்ண மடல்கள் உண்மையில் புல்லிவட்டம், அதாவது பூவிதழ்களுக்கு வெளியே இருக்கும் அடுக்கு. பூ நடுவில் சின்னதாக இருக்கும்.)

துளிர்த்ததும் செடிக்கு இரண்டு கூடை மக்கிய தொழுவுரம் போட்டு, தண்ணீரை மெல்லக் கூட்டுங்கள். போர்வெல் உப்புத் தண்ணீரானால் புது இலை நரம்பு பச்சையாக, இடையில் மஞ்சளாக வரலாம். அது இரும்புச்சத்துக் குறை. லிட்டருக்கு 5 கிராம் ஃபெர்ரஸ் சல்பேட் கலந்து, வெயில் தாழ்ந்தபின் இலைமேல் தெளியுங்கள்.