தண்ணீர் வழியும் சத்தம் கேட்டாலே அவர் வேறு ஆளாகிவிடுகிறார்

கேள்வி: டாக்டர், 2015 டிசம்பர் 1 இரவு ஜாபர்கான்பேட்டையில் தரைத்தள வீட்டில் இருந்தோம். அடையாற்றுத் தண்ணீர் உள்ளே வந்தபோது என் கணவர் எங்கள் 2 வயது மகனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் மாடிப்படிக்குப் போய்ச் சேர்ந்தார். இப்போது மேடவாக்கத்தில் இரண்டாவது மாடியில் குடியிருக்கிறோம். ஆனாலும் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தால் போதும், வெலவெலத்துப் போகிறார். மழைக்காலத்தில் நடுராத்திரி எழுந்து வாசலருகே தரையைத் தடவிப் பார்க்கிறார். போன மாதம் மகன் குளியலறையில் வாளி நிரம்பி வழிய விட்டுவிட்டான். அடிக்கவே பாய்ந்துவிட்டார், அப்புறம் சுவரோரம் உட்கார்ந்து கை நடுங்க அழுதார். “ஊருக்கே வந்த வெள்ளம், இவனுக்கு மட்டும் என்ன?” என்கிறார் மாமியார். டிவி செய்தி பார்ப்பதையே நிறுத்திவிட்டோம். இது மனநோயா? சென்னையை விட்டே போய்விடலாமா?
- வாசகி, மேடவாக்கம்

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய இடம், அவர் தரையைத் தடவிப் பார்ப்பது. அந்த இரவில் அவர் காலுக்கு முதலில் தட்டுப்பட்டது தரையில் ஊறிய ஈரமாகத்தான் இருந்திருக்கும். இன்றும் அவர் உடம்பு அதைத்தான் தேடுகிறது.

நீங்கள் எழுதியிருப்பவை பிடிஎஸ்டி எனப்படும், பேரதிர்ச்சிக்குப் பிறகு வரும் மன உளைச்சல் நோயின் அறிகுறிகளோடு நன்றாகவே பொருந்துகின்றன. நேரில் பார்த்துப் பேசிய பிறகுதான் உறுதியாகச் சொல்ல முடியும். மனநோயா என்று கேட்டால், ஆமாம், மனநல மருத்துவர் பார்க்க வேண்டிய நோய்தான். ஆனால் நீங்கள் பயப்படும் அர்த்தத்தில் அவருக்குப் புத்தி பேதலிக்கவில்லை. அளவுக்கு மீறிய ஆபத்தைப் பார்த்த மூளை, காவல் வேலையை இன்னும் விடாமல் செய்துகொண்டிருக்கிறது.

வாளி வழிந்த அன்று என்ன நடந்தது என்று பார்ப்போம். மூளைக்குள் அமிக்டலா என்று பாதாம்பருப்பு அளவில் ஒரு பகுதி உண்டு. ஆபத்தை மோப்பம் பிடிப்பது அதன் வேலை. இது எந்த வருஷம், எந்த வீடு என்று கணக்கு வைத்துக்கொள்வது ஹிப்போகாம்பஸ் என்ற இன்னொரு பகுதி. உயிர் போகும் பயத்தில் இந்தக் கணக்கு சரியாகப் பதிவாவதில்லை. அதனால் தண்ணீர் வழியும் சத்தம் கேட்டதும், “இது குளியலறை” என்று யோசிக்கும் மூளை சொல்லி முடிப்பதற்குள் இதயம் படபடத்து, கை இறுகி, உடம்பு சண்டைக்கோ ஓட்டத்துக்கோ தயாராகிவிடுகிறது. சிலர் கத்துவார்கள், சிலர் ஓடுவார்கள், சிலர் கூப்பிட்டாலும் காது கேட்காதவர்போல் உறைந்து நிற்பார்கள். உங்கள் கணவர் மகன் மேல் பாய்ந்தது கோபம்போலத் தெரிந்தாலும் அதன் வேர் பயம். பயம் இறங்கியதும் அழுதாரே, அதுவே சாட்சி.

பயத்தைக் கிளப்பிவிடும் தூண்டுதல் என்பது பெரிய விஷயமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. சுனாமிக்குப் பிறகு என்னிடம் வந்த ஒரு மீனவப் பெண், அதே கடற்கரையில் தினமும் மீன் விற்றார். கடலைப் பார்த்து அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. அலுமினியப் பாத்திரம் ஒன்றோடொன்று மோதும் சத்தம் கேட்டால் மட்டும் மூச்சு முட்டும். அன்று குடிசைக்குள் தண்ணீர் புகுந்தபோது முதலில் கேட்டது அந்தச் சத்தம். இதைக் கண்டுபிடிக்கவே எங்களுக்குப் பல வாரங்கள் ஆயின. வாசனை இன்னும் பொல்லாதது. மற்ற புலன்களின் செய்தி ஒரு இடைநிலையத்தைக் கடந்துதான் மூளையின் மற்ற பகுதிகளுக்குப் போகும். வாசனைக்கு அந்தச் சுற்றுவழி கிடையாது. சேற்று வாடை, சாக்கடை நாற்றம், ஊறிய மெத்தையின் நெடி இவை எல்லாம் அவரை என்ன செய்கின்றன என்று நிதானமாக இருக்கும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள்.

டிவியை நிறுத்தியது அன்பால் செய்ததுதான், ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். “செம்பரம்பாக்கம் ஏரி 22 அடியைத் தொட்டது” என்று திரையில் ஓடும்போது அதை அணைத்தால் அந்த நிமிஷம் நிம்மதிதான். கூடவே, “நல்லவேளை தப்பித்தோம், அது ஆபத்துதான்” என்று மூளை இன்னொரு முறை எழுதிக்கொள்கிறது. இன்று செய்தி, நாளை மழை நாளில் வேலைக்குப் போவது, அப்புறம் வாசலைத் தாண்டுவது என்று வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். தரையைத் தடவுவதும் அப்படித்தான். பத்து நிமிஷ நிம்மதி, பிறகு மறுபடி எழுந்திருக்க வேண்டியிருக்கிறது. ஊரை விட்டுப் போவதைப் பற்றிக் கேட்டீர்கள். கோவைக்குப் போனாலும் மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழியத்தான் செய்யும். வேறு காரணங்கள் இருந்தால் போங்கள், இதற்காக வேண்டாம்.

அதே சமயம் அவர் பயம் முழுக்கக் கற்பனை என்றும் எண்ணிவிடாதீர்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்ன பாடுபட்டது என்று உங்களுக்குத் தெரியும். அக்டோபரில் சான்றிதழ்களைப் பாலிதீன் பையில் போட்டுப் பரண்மேல் வைப்பது நோயல்ல, சென்னைவாசியின் புத்திசாலித்தனம்.

மறுபடி அப்படி நடந்தால், பின்னாலிருந்து தொடாதீர்கள், கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அவர் கண்ணுக்குத் தெரியும்படி சற்றுத் தள்ளி நின்று, தாழ்ந்த குரலில், “என்னங்க, நாம மேடவாக்கத்துல இருக்கோம், ரெண்டாவது மாடி, பையன் பத்திரமா இருக்கான்” என்று சொல்லுங்கள். செருப்பில்லாமல் காலைத் தரையில் ஊன்றச் சொல்லுங்கள், எதிரே தெரியும் ஐந்து பொருட்களின் பெயரைச் சொல்லச் சொல்லுங்கள். மூச்சை மெதுவாக, உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்கட்டும். “என்ன ஆச்சு?” என்று அப்போது விசாரிக்க வேண்டாம். தைரியம் வரட்டும் என்று வேண்டுமென்றே குழாயைத் திறந்துவிட்டுச் சோதிப்பதும் வேண்டாம்.

பயத்தைச் சிறுகச் சிறுக எதிர்கொள்ள வைக்கும் சிகிச்சை இருக்கிறது, அதைப் பயிற்சி பெற்றவர் கூட இருந்து செய்ய வேண்டும். வழக்கமாக 8 முதல் 15 அமர்வுகள். அந்த இரவை முதலிலிருந்து கடைசிவரை பாதுகாப்பான இடத்தில் சொல்லிச் சொல்லி, அது முடிந்துபோன ஒன்று என்று உடம்புக்குப் புரியவைப்போம். கண் அசைவுகளோடு செய்யும் இஎம்டிஆர் என்ற முறையும் பலன் தருகிறது. தேவைப்பட்டால் செர்ட்ராலின் போன்ற மாத்திரை தருவோம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டுமோ என்று எல்லோரும் பயப்படுகிறார்கள், பெரும்பாலானவர்களுக்கு அப்படித் தேவைப்படுவதில்லை. ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுப்பது மட்டும் கூடவே கூடாது. இரவில் தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்திருக்கிறாரா என்பதையும் கவனியுங்கள்.

இப்போது மழை ஓய்ந்திருக்கிறது, தொடங்க நல்ல நேரம். சென்னையின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. கிளம்பத் தயங்கினால் முதலில் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவிச் சேவை) எண்ணில் தமிழிலேயே பேசலாம், எந்த நேரமும் எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம் என்பதுபோல் ஒரு வார்த்தை பேசினாலும் நாள் பார்க்காமல் உடனே அழைத்து வாருங்கள்.

உங்கள் மாமியாரிடம் இதைச் சொல்லுங்கள். வெள்ளம் ஊருக்கே வந்தது, சரி. குழந்தையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு கழுத்தளவு நீரில் நடந்தது அவர் மகன். தான் வாளியை நிரம்ப விட்டதால்தான் அப்பா அழுதார் என்று உங்கள் பையன் நினைத்துக்கொண்டிருக்கலாம். அவனை உட்கார வைத்து, அந்த இரவில் அப்பா தன்னை எப்படித் தூக்கிக்கொண்டு படியேறினார் என்று சொல்லுங்கள். முடிந்தால் அப்பா பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள்.